தன் இடுப்பு

“மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க மாஸ்டர். விடுங்க.”

டெய்லர் மூச்சை விட்டார். தொப்பை டேப்பின் மேல் சரிந்து உட்கார்ந்தது.

“முப்பத்தெட்டரை,” என்றாள் டாக்டர். முப்பது வயதுதான் இருக்கும். குரலில் மட்டும் தலைமையாசிரியை.

“என் டேப்புல முப்பத்தஞ்சுதாம்மா வருது.”

“எந்த இடத்துல அளந்தீங்க?”

அவர் பெல்ட்டைத் தொட்டுக் காட்டினார். தொப்பைக்குக் கீழே அது பத்திரமாக ஒளிந்திருந்தது.

“அது பேன்ட்டோட இடுப்பு. எனக்கு உங்க இடுப்பு வேணும். தொப்புளுக்கு நேரா. போன தடவையும் இதையேதான் சொன்னேன்.”

நாற்பது வருஷமாக ஊரார் இடுப்பையெல்லாம் அளந்தவர். தன் இடுப்பு எங்கே இருக்கிறது என்பதில் மட்டும் அவருக்குத் தகராறு.

“போகட்டும். அப்போ நாப்பத்தொண்ணு இருந்தது. உக்காருங்க.”

மூன்று மாதத்துக்கு முன் இதே நாற்காலியில் உட்கார வைத்துத்தான் அவள் நிபந்தனை போட்டாள். இடுப்பு, சர்க்கரை, ரத்தக் கொழுப்பு, கிரியாட்டினின். “நாலும் இறங்கணும் மாஸ்டர். இறங்கட்டும், அப்புறம் மத்ததைப் பேசலாம்.”

கிரியாட்டினின் என்றால் சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ள வேண்டிய கழிவு. அது ரத்தத்தில் தேங்கினால் சிறுநீரகம் களைத்துவிட்டது என்று அர்த்தம். மூன்று மாதத்துக்கு முன் அந்தப் பெயரைச் சொல்லவே அவருக்கு நாக்கு சுளுக்கிக்கொண்டது. இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

தேநீரில் சர்க்கரையை நிறுத்தினார். தையல் மெஷினின் மோட்டாரைக் கழற்றிவிட்டுப் பழையபடி காலால் மிதித்தார். இவள் வாயிலிருந்து ‘சரி’ என்று ஒரு வார்த்தை வர வேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். மகன்கூடக் கிண்டல் செய்தான். “அறுபத்தொரு வயசுல பரீட்சைக்குப் படிக்கிற ஒரே ஆள் நீங்கதாம்ப்பா.”

டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினாள்.

“சர்க்கரை நூத்தி நாலு. சபாஷ். கொழுப்பு இருநூத்தி அறுபதுல இருந்து நூத்தி அறுபது! என்ன பண்ணீங்க?”

“மோட்டாரைக் கழட்டினேம்மா.”

சிரித்தபடி அடுத்த தாளைத் திருப்பினாள். சிரிப்பு நின்றது.

“கிரியாட்டினின் ஒண்ணரை.”

“போன தடவை ஒண்ணு புள்ளி மூணுதானே?”

“ஆமா. ஏறியிருக்கு.”

டெய்லர் எட்டி அந்தத் தாளைப் பார்த்தார்.

அவள் பேனாவை மூடி வைத்தாள். “நான் கல்நெஞ்சக்காரி இல்ல மாஸ்டர். எங்கப்பாவும் எனக்கு ஒண்ணும் இல்லன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தார். ஒரு தடவைகூட டெஸ்ட் எடுத்துக்கல. கடைசி ரெண்டு வருஷம், வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். வீட்டுல எல்லாருமே அந்த மெஷினுக்குப் பக்கத்துலதான் குடியிருந்தோம். இன்னொரு தடவை அதைப் பார்க்க எனக்கும் தெம்பு இல்ல, எங்கம்மாவுக்கும் தெம்பு இல்ல.”

“நியாயம்தாம்மா.”

அவர் ரிப்போர்ட்டை நாலாக மடித்தார். துணி மடிப்பைப் படிய வைப்பதுபோல நகத்தால் ஒரு இழுப்பு இழுத்தார். எழுந்தார். கண் இருட்டியது. மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்லம்மா. பட்டினி.”

“காலையில ரத்தம் குடுத்ததுமே சாப்பிட்டிருக்கலாமே! தண்ணியாவது குடிச்சீங்களா?”

“பட்டினின்னா தண்ணியும் சேர்த்துத்தானே? லேப்ல பன்னெண்டு மணி நேரம்னாங்க. எதுக்கு வம்புன்னு நான் நேத்து மத்தியானமே நிறுத்திட்டேன்.”

“தண்ணியையுமா?”

“எச்சிலைக்கூட யோசிச்சுத்தான் முழுங்கினேன்.”

டாக்டர் அவரை முறைத்தாள். “லேபுக்கு எப்படிப் போனீங்க?”

“நடந்துதான். ஆறு கிலோமீட்டர். நடுவுல கொஞ்சம் ஓட்டமும்.”

“ஓட்டம் எதுக்கு?”

“கடைசி நேரத்துல இன்னும் கொஞ்சம் இறங்குமேன்னு...”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அடித்த கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“உடம்பைக் காயப் போட்டுட்டு ஓடவும் ஓடினா அது ஏறாம என்ன செய்யும்? இந்தாங்க, முதல்ல இந்தத் தண்ணியைக் குடிங்க. ரெண்டு நாள் ஒழுங்கா சாப்பிடுங்க. தண்ணி குடிங்க. தயவுசெஞ்சு ஓடாதீங்க. சனிக்கிழமை மறுபடி ரத்தம் குடுங்க.”

சனிக்கிழமை மத்தியானம் அவள் புதுக் கவரைக் கிழித்தாள். டெய்லர் தாளைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மாத மிதியும் அந்த முகத்தில்தான் இருந்தது.

“ஒண்ணு புள்ளி ஒண்ணு.”

“அது... நல்ல நம்பராம்மா?”

“உங்க வயசுக்கு ரொம்ப நல்ல நம்பர். ஆனா இப்படியே இருக்கணும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பார்ப்பேன். திரும்ப மோட்டாரை மாட்டினீங்கன்னா ரத்தமே காட்டிக் குடுத்துடும்.”

“அதை எடைக்குப் போட்டு ஒரு வாரம் ஆச்சு.”

“அப்போ சரி,” என்றாள்.

டெய்லர் நாற்காலியின் இரு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார். அவள் கண்ணாடியைக் கழற்றினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து போய்க் கதவைத் திறந்து வராந்தாவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“அம்மா! கல்யாணப் பொண்ணு வெட்கப்பட்டது போதும், உள்ள வா. மாப்பிள்ளை பாஸாயிட்டார்!”