ஒரே ஒரு தாள்

உரிம ஆபீஸ் கவுண்டர் மேல் கிடந்தது ஒரே ஒரு தாள். ஓரகத்தி சோப்புத் தொழில் தொடங்க அவ்வளவுதான் வேண்டுமாம்.

மூத்தவளான சோப்புக்காரிக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? இதே உரிமத்துக்குப் பதினான்கு மாதம் அலைந்தவள் அவள். எட்டு கவுண்டர், முப்பத்தொரு தாள். செருப்பே இரண்டு ஜோடி தேய்ந்தது.

சோப்பு அறையில் காற்றோட்டம் போதாது என்றார் ஆய்வுக்கு வந்த ஒருவர். சுவரை இடித்து ஜன்னலைப் பெரிதாக்கினாள். அடுத்து வந்தவர், இவ்வளவு பெரிய ஜன்னல் வைத்தால் தூசி வராதா என்றார். மறுபடி கட்டினாள். அந்த வருஷம் சந்தோஷமாக இருந்தது கொத்தனார் மட்டும்தான்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தலையை நிமிர்த்தாமல், காதைக் குடைந்துகொண்டே ஒன்று சொல்வார்களே, நாளைக்கு வாங்க என்று, அதைத்தான் தாங்க முடியாது.

அந்த ‘நாளை’ வருவதற்குள் அவளுடைய முதல் ஆர்டர் கைநழுவிப் போனது. பேருந்தில் உட்கார்ந்து அழுதாள். வீட்டில் யாராவது தவறிட்டாங்களா என்று பக்கத்து சீட்டுக்காரர் விசாரித்தார்.

இப்போது சட்டத்தை மாற்றிவிட்டார்கள். சிறு தொழில் செய்கிறவர்கள் பிழைக்கட்டும் என்று ஒரு தாள், ஒரு கவுண்டர், ஒரு நாள். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? அந்த நல்ல காரியம் இரண்டு வருஷம் முன்னாலேயே வந்து தொலைந்திருக்கக் கூடாதா? கொழுந்தன் பெண்டாட்டி வந்து நோகாமல் நுங்கு தின்னும் வரைக்கும் காத்திருந்ததா?

காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், அதன் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது என்பதைக்கூடச் சின்னவளுக்குச் சொல்லிக்கொடுத்தது இவள்தான்.

துணைக்கு வாங்கக்கா என்று காலையில் கூப்பிட்டாள். வந்த பிறகுதான் தெரிந்தது, துணைக்கு மட்டும் இல்லை என்று.

“இப்ப ஆய்வெல்லாம் கிடையாதும்மா. இதே தொழில்ல உரிமம் வச்சிருக்கிற ஒருத்தர், இவங்களுக்கு வேலை தெரியும்னு கையெழுத்துப் போட்டா போதும். இந்தப் பக்கத்துல உங்க ஒருத்தர்கிட்டதான் இருக்கு” என்று எழுத்தர் பேனாவை நீட்டினார்.

சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “போடுங்கக்கா. திங்கக்கிழமை காலைல ஒன்பது மணிக்கு ஹோட்டல்காரங்க வராங்க. உரிமம் இல்லேன்னா ஆர்டர வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க.”

ஹோட்டல் ஆர்டரா! கடை திறப்பதற்கு முன்னாலேயே!

சின்னவளின் கை சில்லிட்டிருந்தது. அதில் சோப்பு வாசனை அடித்தது. இவள் சொல்லிக்கொடுத்த கலவைதான். பாவம், போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தாள். சத்தியமாக நினைத்தாள். பேனாவைக்கூட வாங்கிவிட்டாள்.

அந்த ஒற்றைத் தாளை மறுபடி பார்த்தாள். பின்பக்கம் திருப்பியும் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றுமே இல்லை.

பேனாவை மூடி கவுண்டரில் வைத்தாள்.

“கண்ணாடி எடுத்துட்டு வரல. படிச்சுப் பாக்காம எப்படிக் கையெழுத்துப் போடறது? நாளைக்கு வரேன்.”

தலையை நிமிர்த்தாமல்தான் சொன்னாள். கைப்பையைத் தோளில் மாட்டும்போது உள்ளே கண்ணாடிக் கூடு கடகடவென்றது. சின்னவளுக்கும் அது கேட்டது. பிடித்திருந்த கையை மெதுவாக விட்டாள்.

“நாளைக்கும் மறுநாளும் லீவும்மா, இனிமே திங்கக்கிழமை பத்து மணிக்குத்தான்” என்றார் எழுத்தர்.

பதினான்கு மாதம் வந்து போனவளுக்கு அந்த ஆபீஸின் லீவு நாள் தெரியாதா?