ஒன்பதாவது கையெழுத்து

"எழுபது வயசுல எனக்கெதுக்கும்மா சோலார்? நான் இன்னும் எத்தனை கோடையைப் பார்த்துடப் போறேன்?"

கீழ் வீட்டுப் பெரியவர் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மடியில் பேத்தி சிட்டு அவருடைய பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்காக இல்ல சார், சிட்டுவுக்காக. இவ வளர்ந்து நிக்கிறப்ப வெயில் எப்படி இருக்குமோ?"

"அவ வெயிலை அவ பார்த்துப்பா."

குடியிருப்புச் சங்கச் செயலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பன்னிரண்டு வீட்டில் ஒன்பது பேராவது கையெழுத்துப் போட வேண்டும். கையில் இருப்பது எட்டு. இரண்டு வீடு பூட்டிக் கிடக்கிறது. இன்று சாயங்காலத்துக்குள் கொடுக்காவிட்டால் மொட்டை மாடி சோலார் கைவிட்டுப் போகும். டீசல் ஜெனரேட்டர் புகையோடுதான் மாரடிக்க வேண்டும்.

மிச்சம் மூன்றாம் மாடி தையல்காரர் வீடு. அங்கே போகத்தான் கால் வரவில்லை.

எல்லாம் அவள் மூளை செய்த வேலை. கையெழுத்துக்குப் பக்கத்தில் 'எந்தக் குழந்தைக்காக?' என்று ஒரு கட்டம் போட்டிருந்தாள். பிள்ளை பெயரை எழுதும்போது மனசு இளகுமாம். தையல்காரருக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருஷம், குழந்தை இல்லை. இந்தக் கட்டத்தை எந்த முகத்தோடு நீட்டுவது? அதோடு, 'பிள்ளை இல்லாதவங்களுக்கு இதுல என்ன அக்கறை' என்றும் உள்ளுக்குள் ஒரு நினைப்பு.

வேறு வழியில்லை. படியேறினாள்.

"வாங்கக்கா." தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுப் படிவத்தை வாங்கினார்.

"அந்தக் கட்டத்தை மட்டும் விட்டுடுங்க தம்பி. காலியா இருந்தாப் பரவாயில்ல."

அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. விரலை ஓட்டி, ஒவ்வொரு பிள்ளையின் பெயராகப் படித்தார். மனைவியிடம் காட்டினார். இருவரும் ஏதோ தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். பிறகு கையெழுத்துப் போட்டு, கட்டத்திலும் எழுதிக் கொடுத்தார்.

வாங்கிப் பார்த்த செயலாளர் அந்தக் கட்டத்தை இன்னொரு முறை படித்தாள்.

"ரொம்ப நன்றி தம்பி. உங்ககிட்டதான் நான் முதல்ல வந்திருக்கணும்."

"இதுக்கு எதுக்குக்கா நன்றி?" என்றாள் தையல்காரர் மனைவி. "எல்லாப் பிள்ளைங்க பேரும் இருந்துச்சு. கீழ் வீட்டு சிட்டு பேர் மட்டும் விட்டுப்போச்சு, அதான் எழுதினோம்."