முன்கூட்டியே எழுதிய பூஜ்யங்கள்

வானிலை நிலையத்தில் இரண்டே பேர். மழை அளப்பவரும் அவருடைய உதவியாளரும். கோடையில் மழைமானியை எட்டிப் பார்ப்பது வெட்டி வேலை என்று மழை அளப்பவர் திங்கட்கிழமையே ஞாயிறு வரைக்கும் பூஜ்யம் போட்டு, ஏழு கையெழுத்தும் போட்டு முடித்துவிடுவார்.

வியாழன் காலை பதிவேட்டைத் திறந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சனிக்கிழமைக் கட்டத்தில் 412.6 மில்லிமீட்டர். அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. நான்குக்கு அவர் போடும் கோணல் வால்கூட அப்படியே இருந்தது. பக்கத்தில் அவருடைய கையெழுத்து.

மேலதிகாரிக்குப் போன் போட்டு, சனிக்கிழமை நானூறு மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் போலிருக்கிறது என்றார்.

"நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற மழைதான் போன வருஷமே வந்துருச்சே! இன்னும் தொண்ணூத்தொம்பது வருஷத்துக்கு நிம்மதியாத் தூங்குங்க."

"வருஷா வருஷம் நூத்துல ஒரு வாய்ப்பு இருக்கு சார். போன வருஷம் வந்தது மழைக்கு ஞாபகம் இருக்காது."

போனை வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்தார். பூஜ்யம் இருந்தது. கையெழுத்து மட்டும் உதவியாளருடையது. குறிப்புக் கட்டத்தில், 'நேற்றைய வெள்ளத்துக்குப் பின் நிலையம் இல்லை. பள்ளிக்கூட மாடியில் அளந்தது' என்று எழுதியிருந்தது.

எதிர் மேசையிலிருந்து எழுந்து வந்த உதவியாளரிடம் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள்.

"என் கையெழுத்துதாண்ணே. ஆனா சத்தியமா நான் போடல."

அவரிடம் கொடுப்பதற்காகக் கொண்டுவந்திருந்த காகிதத்தை நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்தார். சனிக்கிழமை ஒருநாள் மட்டும் அக்கா வீட்டுக்குப் போக விடுப்பு கேட்டிருந்தாள்.