கம்பனிக்காரியின் மூன்று நியாயங்கள்

முன்வரிசையில் இருந்த கம்பனிக்காரியைக் காணக் காண இராசாத்திக்கு நெஞ்சு பற்றி எரிந்தது.

ஏறாவூர் நஸ்ஹா. இன்டர்நெட் கம்பனிகளுக்காகப் பேச வந்தவள். சின்ன ஊர்களுக்கும் ஒரு வருசத்துக்குள் இணைப்புக் குடுக்க வேணும் என்று புது விதி வரப்போகிறது. அது வேண்டாமென்று சொல்லத்தான் அவளுக்குச் சம்பளம். ஊராரையும் கேட்டு முடிவெடுக்க மட்டக்களப்பில் கூட்டம் போட்டிருந்தார்கள்.

போன மாரியில் புயல் எச்சரிக்கை மற்ற ஊர்களுக்கெல்லாம் வட்ஸ்அப்பில் வந்தது. இணைப்பில்லாத கதிரவெளிக்கு, இராசாத்தியின் ஊருக்கு, வரவில்லை. இராசாத்தியின் புருசன் போன தோணி மட்டும் கரைக்கு வந்தது, பாருங்க.

ஊர்க்காரர் முதலில், கம்பனி பிறகு, அதுதான் முறை. இராசாத்தி எழும்பி, பள்ளிக்கூடத்து றுமானா டீச்சர் கொண்டுவந்து தந்த கையெழுத்துத் தாளை வாசித்தாள். புதுக் கம்பம் நடத் தேவையில்லை, கரண்டுக் கம்பத்திலேயே வயர் இழுக்கலாம். வீடு குறைவென்றாலும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் மீன்வாடிகளும் இருக்கு. செலவில் பாதிக்கு அரசாங்க நிதி இருக்கு, கம்பனிகள் இன்னும் கேட்கவேயில்லை.

பிறகு நஸ்ஹா எழும்பினாள். கம்பமில்லை என்றாள். வீடு குறைவு என்றாள். செலவு தாங்காது என்றாள். அதே மூன்று, அதே வரிசை.

“அதுக்கெல்லாம் இப்பதானே மறுமொழி வாசிச்சது, தங்கச்சி. நித்திரையா இருந்தீங்களா?” பின்னாலிருந்து மீன் முதலாளி அழகரத்தினம் கேட்க, சபை சிரித்தது. நஸ்ஹா தன் இடத்தில் போய் இருந்தாள்.

நல்ல தாள் அம்மா, அதைப் பதிவில் சேர்க்க வேணும் என்றார் கூட்டத் தலைவர். தேத்தண்ணி குடித்து முடிந்ததும் தாங்க, கம்பனிகளுக்கும் ஒவ்வொரு கொப்பி போகும்.

விறாந்தையில் நஸ்ஹா ஓடிவந்து கையைப் பிடித்தாள். அந்தத் தாளைக் குடுக்க வேண்டாமென்று கெஞ்சினாள்.

இராசாத்தி உதறினாள். “என்ட மனிசன்ட சாவு காணாதா உங்களுக்கு? இதையும் பறிக்கவா வந்த நீ?”

நஸ்ஹாவின் கண் கலங்கிவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்தாள். பைக்குள்ளிருந்து வெறுந்தாளும் பேனையும் எடுத்து நீட்டினாள்.

“உங்கட கையால பாத்தெழுதிக் குடுங்க அக்கா. அதில இருக்கிற என்ட எழுத்து கம்பனிக்குத் தெரியும்.”