நிறமில்லாத பட்டை

வரவு செலவைப் படமாகக் காட்டும் வாட்டர்ஃபால் சார்ட்டில் பட்டைகள் அந்தரத்தில் நிற்கின்றன என்று மீட்டிங்கில் உட்காரும் பெரியவர்கள் பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வன்மையாகக் கண்டிக்க வேண்டிய மூடநம்பிக்கை இது.

எந்தப் பட்டையும் அந்தரத்தில் நிற்பதில்லை. விற்பனை எவ்வளவு கூட்டியது, செலவு எவ்வளவு தின்றது என்று படிப்படியாக ஏறி இறங்கும் ஒவ்வொரு பட்டைக்கும் அடியில் இன்னொரு பட்டை இருக்கிறது. அதற்கு நிறம் கொடுப்பதில்லை. அதனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. மாயம் அவ்வளவுதான்.

ஓர் அலுவலகத்தில் இது தெரிந்தவர் ஒருவர்தான் என்று பேச்சு. பிரிண்டருக்குப் பக்கத்து மூலையில் உட்கார்ந்திருந்த அவரை எல்லோரும் 'டெம்ப்ளேட் சார்' என்றார்கள். எண்களைப் போட்டால் போதும், சார்ட் தானாக வந்து நிற்கும். அப்படி வகைக்கொன்றாக எக்ஸெல் டெம்ப்ளேட் செய்து எல்லோருக்கும் கொடுத்திருந்தார்.

இதில் ஒரு சிக்கல். டெம்ப்ளேட் நன்றாக அமைய அமைய, சந்தேகம் கேட்டு வருகிறவர்கள் குறைந்தார்கள். பிறகு யாருமே வரவில்லை. வீட்டிலும் அவர் தனி ஆள். அங்கே அவரைக் கூப்பிடுவது துணி துவைக்கும் மெஷின் ஒன்றுதான். அதுவும் துவைத்து முடித்தால்தான் கூப்பிடும்.

விற்பனைப் பிரிவு அக்கா மட்டும் திங்கட்கிழமை தவறாமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்.

"சார், மறுபடியும் அதேதான்."

நிறமில்லாமல் இருக்க வேண்டிய பட்டை ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று நிற்கும். சார்ட் முழுக்கத் தூண் முளைத்த மாதிரி.

"எங்கேம்மா கை பட்டுது?"

"தெரியலையே சார். நான் பாட்டுக்கு நம்பரைத்தான் போட்டேன்."

"சரி, உட்காருங்க. இந்தப் பட்டைமேல ஒரு க்ளிக். இங்க வந்து, நிறம் வேண்டாம்னு சொல்றோம். போச்சா?"

"போச்சு. அடுத்த வாரம் மறந்துடுவேன். அது கிடக்கட்டும், நேத்து சமைச்சீங்களா?"

"ஒரு ஆளுக்கு என்னத்தைம்மா அளந்து போடறது? குறைச்சுப் போட்டா அடிப்பிடிக்குது. கூடப் போட்டா மூணு நாளைக்கு அதையே திங்கணும்."

"ஃப்ரிட்ஜ்ல வெச்சா மூணாவது நாளும் நல்லாத்தான் இருக்கும்."

"நீங்க வந்து தின்னு பார்த்துட்டு அப்புறம் சொல்லுங்க."

ஒரு க்ளிக் வேலை. அரை மணி ஆகும்.

பக்கத்து மேசைக்காரர்களுக்கு இது வாராந்திரப் பொழுதுபோக்கு.

"என்னக்கா, இன்னிக்கும் சார்ட்டுக்குப் பெயின்ட் அடிச்சாச்சா?"

"அடிச்சாச்சுப்பா. என் கை ராசி அப்படி."

புதிதாக வந்த மேனேஜர் சிரிக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை நேராக மூலைக்கே வந்துவிட்டார்.

"மேடம், சின்னப் பசங்ககூட ஒரு தடவை சொன்னா பிடிச்சுக்கறாங்க. நீங்க எத்தனை நாளா இதே கேள்வி?"

"மண்டையில ஏற மாட்டேங்குது சார்."

"ஏறலைன்னா சொல்லுங்க. பிரசன்டேஷனை வேற யார்கிட்டயாவது கொடுத்துடறேன்."

அக்கா லேப்டாப்பை மூடினார். மேனேஜர் இந்தப் பக்கம் திரும்பினார்.

"சார், இதை லாக் பண்ணிடுங்க. நம்பரைத் தவிர எதுலயும் யாரும் கை வைக்க முடியக் கூடாது. இனிமே உங்களுக்கும் தொந்தரவு இருக்காது."

"இது ஒண்ணும் தொந்தரவு இல்லை சார்."

"பெருந்தன்மையாச் சொல்றீங்க. பண்ணிடுங்க."

பண்ணினார். வேலையில் குறை வைக்கத் தெரியாத மனிதர். பட்டை, கோடு, எழுத்து என்று ஒன்றுவிடாமல் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டி எல்லோருக்கும் அனுப்பினார். பதிலுக்கு யாரோ ஒருவர் கட்டைவிரல் படம் அனுப்பினார்.

அடுத்த திங்கட்கிழமை பிரிண்டருக்கு ஆட்கள் வந்தார்கள், காகிதத்தை எடுத்தார்கள், போனார்கள். ஒருவர் மட்டும் நின்று, டெம்ப்ளேட் சார் பக்கத்தில் கிடந்த நாற்காலியைக் காட்டினார்.

"சார், இதுல யாரும் உட்காரலையே?"

"இல்லப்பா. எடுத்துக்கோ."

மதியத்துக்கு மேல் அக்கா வந்தார். ஒரு கையில் லேப்டாப். மறுகையால் அதே நாற்காலியை உருட்டிக்கொண்டு.

"சார், மறுபடியும் அதேதான்."

ஆரஞ்சுப் பட்டை பளிச்சென்று நின்றது.

"பூட்டியிருந்தேனேம்மா. பாஸ்வேர்ட் இல்லாம நிறத்தை மாத்தவே முடியாதே."

"அதான் சொன்னேனே சார், கை ராசி."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

அது அவருடைய டெம்ப்ளேட்டே இல்லை. வெற்று ஷீட்டில் அடியிலிருந்து புதிதாகக் கட்டியது. கூடினால் ஒரு நிறம், குறைந்தால் ஒரு நிறம், அதுவாகவே மாறிக்கொண்டது. கணக்கு நஷ்டத்தில் இறங்கினாலும் பட்டை தடுமாறாமல் நிற்க ஒரு ஃபார்முலா இருந்தது. அந்த இடத்தில் அவருடைய டெம்ப்ளேட்டே தடுமாறும்.

இவ்வளவும் சரியாக இருந்த சார்ட்டில் பிழை ஒன்றே ஒன்றுதான்.

அவர் திரையிலிருந்து நிமிர்ந்தார். அக்கா பிரிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உட்காருங்கம்மா," என்றார் அவர். "இந்தப் பட்டைமேல ஒரு க்ளிக்."

"இருங்க சார், மெதுவாச் சொல்லுங்க. எந்தப் பட்டை?"

மறுநாள் டெம்ப்ளேட்டின் திருத்திய பதிப்பு, ஒரு பூட்டு குறைவாக, எல்லோருக்கும் வந்தது. மேனேஜருக்கு மட்டும் கூடவே ஒரு வரி: நிறமில்லாத பட்டை பூட்டில் சிக்க மறுக்கிறது, கோளாறு என் டெம்ப்ளேட்டில், மேடத்திடம் இல்லை.