பாட்டில்லாத ஓசான

குருத்தோலை ஞாயிறு காலை. பொழியூர்க் கடற்கரையில் பவனி பாடிக்கொண்டே நகர்கிறது. மந்திரித்த குருத்துகள் ஒன்றோடொன்று உரசிச் சரசரக்கின்றன. அவற்றின் மேல் வெயில் மஞ்சளாக வழிகிறது. மலையாளத்தில் ‘ஓசான’, தமிழில் ‘ஓசன்னா’ என்று இரண்டும் கலந்து குரல்கள் ஏறுகின்றன. தெரேசம்மாள் மட்டும் பாதியில் நின்றுவிடுகிறாள். மணலில் கிடக்கும் அந்தச் சிமெண்டுப் படிதான் அவள் வீட்டில் மிச்சம். மற்றதையெல்லாம் போன மழைக்காலத்தில் கடல் எடுத்துக்கொண்டது. வருடந்தோறும் ஓலையைச் சிலுவையாக, குருசாக மடித்து வாசல் நிலைக்கு மேலே செருகுவாள். இன்றும் விரல்கள் தாமாக மடித்து முடித்துவிட்டன. இப்போது குடியிருக்கும் குளத்தூர் வாடகை வீட்டு வாசல் அவளுக்குக் கணக்கில்லை. கணவர் பனியடிமை திரும்பி வருகிறார். “வாட்டி, ஆளுவ போயாச்சு.” அவள் அசையவில்லை. “கேட்டியளா, அச்சன் இப்பம் பிரசங்கத்துல சொன்னாரே. ஓசானங்கது எபிரேயத்துல பொறந்து, கிரேக்கு, லத்தீன் எல்லாம் கடந்து இங்க வந்த சொல்லாம். வாழ்த்து இல்லியாம். இப்பமே காப்பாத்தும்னு கெஞ்சுறதாக்கும்.” “ஓ, சொன்னாரு.” “நாம இத்தன காலமும் அத ராகம் போட்டுல்லா பாடினோம்? ஆண்டவரும் பாட்டுன்னு நெனச்சு கேட்டுட்டு இருந்திட்டாரு.” பனியடிமை தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொள்கிறார். அலை ஒன்று படிவரை வந்து நுரையை விட்டுப் போகிறது. தூரத்தில் பவனி அடுத்த வரியைத் தொடங்குகிறது. தெரேசம்மாள் ஈரப்படியில் ஏறி, நிலை இருந்த உயரத்துக்குக் கையைத் தூக்கி, வெறுங்காற்றில் ஓலைக்குருசைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். “ஓசான” என்கிறாள், பாடாமல்.