வண்டு கொடுத்த சொட்டு

எறும்புப் புற்றுக்குப் பின்னால், காய்ந்த ஆலிலைக்கு அடியில் ஒரு வண்டு குடியிருந்தது. அதன் விலாவில் மஞ்சள் மயிர். மயிர் நுனியில் எந்நேரமும் ஒரு சொட்டு. அதைத் தொடக்கூடாது என்பது எறும்புகளின் சட்டம். அதனாலேயே இளசுகள் அங்கே மொய்த்தன.

"ஒரே ஒரு நக்கு நக்குடி பவளக்கொடி, செத்தா போயிடுவே?" என்றது தோழி அஞ்சுகம்.

பவளக்கொடி நக்கியது. அடடா! ஆறு காலும் ஆறு திசையில் ஆட்டம் போட்டன. அஞ்சுகத்துக்கு எட்டுத் தலை முளைத்து, எட்டும் இளித்தன. மறுநாள் இரண்டு சொட்டு. அடுத்த வாரம் இரை தேடவே போகவில்லை, வண்டே கதி.

ஒருநாள் வானம் கறுத்தது. மழைக்கு முன்னே வாசலை மண்ணுருண்டையால் அடைத்துவிடுவது எறும்புகளின் வழக்கம். பவளக்கொடி தள்ளாடிக்கொண்டு வந்து சேர்ந்தது. காவலுக்கு நின்றது அதன் சொந்த அக்கா. எறும்புகளுக்கு உறவெல்லாம் வாசனையில்தான். அக்கா மீசையால் மூன்று முறை தடவிப் பார்த்தது.

"வண்டு நாத்தம்தான் அடிக்குது. யாரு நீ?"

"நல்லா நடிக்கிறே அக்கா!" பவளக்கொடி விழுந்து விழுந்து சிரித்தது.

அக்கா உள்ளே போய் உருண்டைகளை அடுக்கியது. கடைசியில் ஒரு சின்ன ஓட்டை மிஞ்சியது. வாசலடைக்கும் வேலை என்றால் பவளக்கொடிக்கு உயிர். ஓடிப்போய் ஓர் உருண்டையை உருட்டிவந்து, வெளியே நின்றபடி அந்த ஓட்டையில் அமுக்கியது.

முதல் துளி முதுகில் விழுந்தது. சிரிப்பு அடங்காமல் அது கேட்டது:

"சரியா அடைச்சிட்டேனா, அக்கா?"